அகசாவா காடும் வனக்குளியலும்: அனுபவம், ஆதாரம், சந்தேகம் எல்லாம் இங்கே பேசலாம்

#1 நகோயா செல்வம்

எல்லாருக்கும் வணக்கம். காட்டுக்குள் அவசரமில்லாமல் இருந்து, புலன்களால் அதை உணரும் பழக்கத்தைத்தான் வனக்குளியல் என்கிறோம். அதைப் பற்றித் தமிழில் சுற்றிவரும் பதிவுகளில் பாதி, மரத்தைக் கட்டிப்பிடித்தால் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பறந்துவிடும் என்கின்றன. மீதி, அது காசுள்ளவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகின்றன. இரண்டு தரப்புமே ஒரு காட்டுக்குள் பொறுமையாக உட்கார்ந்து பார்க்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் வேலை பார்ப்பது நகோயாவில். காலையில் ரயில் ஏறினால் கிசோ பள்ளத்தாக்குக்குப் போய்விட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். அதனால் பனிக்காலம் தவிர மற்றப் பருவங்களில் அங்குள்ள அகசாவா காட்டுக்குப் போய்வருவது வழக்கமாகிவிட்டது.

இந்தப் பழக்கம் தொடங்கிய இடமே அதுதான். 1982-ல் ஜப்பான் வனத்துறையின் தலைவராக இருந்த அகியாமா தொமோஹிதே 'ஷின்ரின்-யோகு' என்ற பெயரோடு இதை மக்கள் முன் வைத்தார். அதே ஆண்டு முதல் நிகழ்ச்சி நடந்தது, நாகானோ மாகாணத்தில் அகெமாட்சு என்ற சிற்றூரை ஒட்டியுள்ள அகசாவாவில். ஏதோ பழங்காலத் துறவிகள் விட்டுச்சென்ற ரகசியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வேலையில் நசுங்கிக்கொண்டிருந்த நகரத்து மக்களைக் காட்டுக்குள் அழைத்துவர ஓர் அரசுத்துறை தொடங்கிய திட்டம் இது. அதனால் இதன் மதிப்பு குறைந்துவிடாது.

அகசாவாவில் நிற்கும் ஹினோகி (ஜப்பான் சைப்ரஸ்) மரங்களில் பல 300 வயதைத் தாண்டியவை. பட்டை செம்பழுப்பு நிறம், நீளநீளமாக நார் நாராய் உரியும். கீழே விழுந்து கிடக்கும் சிறு கிளை ஒன்றை எடுத்து இலையைத் திருப்பிப் பாருங்கள். அடியில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் இருக்கும், ஆங்கில 'ஒய்' எழுத்தை வரிசையாக அச்சடித்த மாதிரி. பக்கத்தில் நிற்கும் சவாரா மரத்தின் இலையில் அதுவே 'எக்ஸ்' ஆகிவிடும். அசுனாரோ இலை இன்னும் தடிமன், வெள்ளையும் அகலமான பட்டையாக இருக்கும். இந்த மூன்றையும் தனித்தனியாக அடையாளம் காணப் பழகுவதற்குள் அரை மணி நேரம் ஓடிவிடும். அதுவரை அலுவலக நினைப்பு எட்டிக்கூடப் பார்க்காது. எனக்குத் தெரிந்த செய்முறை இதுதான்: கண், மூக்கு, காது, விரலுக்கு வேலையைக் கூட்டுவது, காலுக்குக் குறைப்பது. போன் பைக்குள் இருக்கட்டும். எத்தனை கிலோமீட்டர் நடந்தோம் என்ற கணக்கு வேண்டாம்.

போய்வந்தவர்கள் எழுதுங்கள். சந்தேகம் உள்ளவர்களும் எழுதுங்கள், அவர்கள்தான் முக்கியம்.

#2 மரு. இளவேனில்

வணக்கம் செல்வம். சந்தேகக்காரர்களை முதலில் அழைத்ததற்கு நன்றி. பொது மருத்துவம் பார்க்கிறேன், நோயாளிகள் இதைப் பற்றி என்னிடம் கேட்கிறார்கள், அதனால் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன்.

அதிகம் மேற்கோள் காட்டப்படுவது டோக்கியோ நிப்பான் மருத்துவப் பள்ளியின் சிங் லீ செய்த ஆய்வு. 2005-ல் டோக்கியோ நிறுவனங்களில் வேலை பார்த்த 12 ஆண்களை நாகானோவின் ஈயாமா காட்டுப்பகுதிக்கு மூன்று நாள், இரண்டு இரவு அழைத்துப்போனார்கள். வைரஸ் புகுந்த செல்களையும் புற்றுச் செல்களையும் அழிக்கும் ஒருவகை வெள்ளணு நம் ரத்தத்தில் உண்டு, இயற்கைக் கொல்லி செல் என்பார்கள். அதன் செயல்பாடு 12 பேரில் 11 பேருக்குக் கூடியிருந்தது, ஏறக்குறைய 50 சதவீதம். அடுத்த கட்டத்தில் இதேபோல் ஒரு நகரச் சுற்றுலாவுக்கும் அழைத்துப்போய் ஒப்பிட்டார்கள். நகரத்தில் அந்த உயர்வு இல்லை. காட்டுக்குப் போனவர்களிடம் ஒரு மாதம் கழித்தும் ஓரளவு மிச்சமிருந்தது.

சுவாரசியமான முடிவு, மறுக்கவில்லை. ஆனால் 12 பேர், எல்லாரும் ஆண்கள், எல்லாரும் ஆரோக்கியமானவர்கள். ரத்தத்தை எடுத்து ஆய்வகத்தில் அளந்தபோது அந்தச் செல் சுறுசுறுப்பாக இருந்தது என்பது ஒரு விஷயம். அதனால் அவருக்குச் சளி குறைந்தது, புற்றுநோய் வராமல் இருந்தது என்பது முற்றிலும் வேறு விஷயம். இரண்டாவதை இந்த ஆய்வு காட்டவே இல்லை. 'காடு புற்றுநோயைத் தடுக்கும்' என்று தலைப்புப் போடுகிறவர்கள் நோயாளிகளுக்குத் துரோகம் செய்கிறார்கள். கடுமையான சொல்தான், தெரிந்தே எழுதுகிறேன். சிகிச்சையைத் தள்ளிப்போட்டு வந்தவர்களை நான் பார்க்கிறேன்.

#3 பூந்தமல்லி ராணி

டாக்டர், நல்ல நேரத்துல எழுதினீங்க. எங்க அம்மாவுக்கு 68 வயசு, பிரஷர் இருக்கு, மாத்திரை சாப்பிடறாங்க. குடும்ப வாட்ஸ்அப் குழுவுல ஒரு செய்தி வந்தது. ஜப்பான் மர எண்ணெய் வாங்கி ராத்திரி படுக்கை அறையில ஆவி மாதிரி வெச்சா காட்டுல இருக்கற பலன் அப்படியே கிடைக்குமாம், மூணு மாசத்துல மாத்திரையை நிறுத்திடலாமாம். அம்மா அதைப் படிச்சதிலிருந்து "வாங்கிக் குடு"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. எண்ணெய் விலையும் அதிகம். இதுல உண்மை ஏதாவது இருக்கா? செல்வம் அண்ணா, அந்த மரம்தானா இது?

#4 மரு. இளவேனில்

ராணி, முதல் வேலையாக அம்மாவிடம் சொல்லுங்கள்: மாத்திரையை நிறுத்தக் கூடாது, குறைக்கவும் கூடாது. அதை அவருடைய மருத்துவர் மட்டும்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்தச் செய்திக்கு ஒரு மூலம் இருக்கிறது. அதே லீ குழுவினர், 12 ஆண்களை டோக்கியோவில் ஒரு ஹோட்டலில் மூன்று இரவு தங்கவைத்து, அறைக்குள் ஹினோகி எண்ணெயை ஆவியாக விட்டார்கள். நான் முன்பு சொன்ன இயற்கைக் கொல்லி செல்களின் செயல்பாடு கூடியது, சிறுநீரில் அட்ரினலின் அளவு குறைந்தது. மரங்கள் பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் தம்மைக் காத்துக்கொள்ள வெளியிடும் வாசனைப் பொருட்களுக்கு, ஃபைட்டான்சைடு என்று பெயர், இதில் பங்கு இருக்கலாம் என்று காட்டிய சிறு சோதனை. ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு அது மாற்று என்று அவர்களே சொல்லவில்லை.

வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா, வீசிங் இருந்தால் மூடிய அறையில் எந்த வாசனை எண்ணெயும் வேண்டாம். அந்தக் காசை அம்மாவுக்கு நல்ல நடைச் செருப்பாக வாங்கிக் கொடுங்கள்.

#5 அகல்யா

புள்ளியியல் படிக்கிறேன், என் ஆய்வேட்டுக்காக இந்தத் தரவுகளைத் தோண்டியிருக்கிறேன். டாக்டர் சொன்ன 12 பேர் பிரச்சினை சரிதான். ஆனால் இதைவிட நன்றாகத் திட்டமிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

ஜப்பான் முழுவதும் 24 காடுகளில், மொத்தம் 280 பேரை வைத்துச் செய்தார்கள், 2010-ல் வெளியானது. பார்க், மியாசாகி குழு. ஒவ்வோர் இடத்திலும் 12 இளைஞர்கள். ஆறு பேர் முதல்நாள் காட்டுக்கும் ஆறு பேர் நகரத்துக்கும் போனார்கள், மறுநாள் இடம் மாறிக்கொண்டார்கள். ஆக ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிடுகிறோம். 'காட்டுக்குப் போகிறவன் ஏற்கெனவே ஆரோக்கியமானவன்' என்ற வாதம் இங்கே எடுபடாது. மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால், உட்கார்ந்து பார்த்த பிறகு நகரத்தைவிட 13.4 சதவீதம் குறைவு, நடந்த பிறகு 15.8 சதவீதம் குறைவு. நாடித்துடிப்பும் குறைந்தது.

ரத்த அழுத்தத்தில் வித்தியாசம் இரண்டு சதவீதத்துக்கும் கீழே. 120 இருந்தவருக்கு 118 என்று வைத்துக்கொள்ளுங்கள். ராணி அக்கா, உங்கள் கேள்விக்குப் பதில் அந்த எண்ணில் இருக்கிறது. பலன் உண்டு, ஆனால் சிறியது, அதுவும் அந்த நேரத்தில் அளந்தது.

இன்னொன்று எனக்கு மிகப் பிடித்தது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பெர்மன் குழு 2008-ல் வெளியிட்டது. மாணவர்களைச் சுமார் 50 நிமிடம் மரத்தோட்டத்தில் நடக்கவிட்டார்கள், இன்னொரு வாரம் நகரின் கடைவீதியில் நடக்கவிட்டார்கள். எண்களைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லும் சோதனையில், தோட்டத்தில் நடந்துவந்த பிறகு நன்றாகச் செய்தார்கள். கடுங்குளிரில், நடை பிடிக்காமலே போய்வந்தவர்களுக்கும் கவனம் மேம்பட்டிருந்தது! காட்டில் பரவசம் வந்தால்தான் பலன் என்று நினைத்துப் பலர் தங்களையே வருத்திக்கொள்கிறார்கள். பரவசம் தேவையில்லை என்கிறது இந்தத் தரவு.

#6 சோலைக்குருவி

கொடைக்கானலிலிருந்து எழுதுகிறேன். எனக்கு இந்தப் பேச்சே கொஞ்சம் பயத்தைத் தருகிறது, ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

இங்கே இரண்டு மூன்று வருடமாக 'வனக்குளியல் முகாம்' விளம்பரங்கள் வருகின்றன. எங்கே கூட்டிப்போகிறார்கள்? பைன் காட்டுக்கு. அது வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம். தரை முழுக்க ஊசியிலை மெத்தை, அதற்குக் கீழே செடி கிடையாது, பூச்சி குறைவு, பறவைச் சத்தம் அனேகமாகக் கேட்காது. பக்கத்திலேயே, மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் உண்மையான சோலைக்காடு யார் கண்ணிலும் படுவதில்லை. குட்டையான மரங்கள், கிளையெல்லாம் பாசி, அதில் தொற்றி வளரும் ஆர்க்கிட், உள்ளே நின்றால் எப்போதும் எங்கோ தண்ணீர் கசியும் சத்தம். நீலகிரி காட்டுப்புறா கூப்பிட்டால் அடிவயிற்றில் கேட்கும். கோடையிலும் கீழே ஓடை வற்றாமல் இருக்கிறதென்றால் அந்தச் சோலையும் புல்வெளியும் பிடித்துவைத்துக் கொடுக்கிற தண்ணீர்தான்.

இப்போது என் பயம். இந்தச் சோலைகள் சின்னச் சின்னத் துண்டுகள். 'உண்மையான காடு இங்கேதான்' என்று நாமே எழுதி, வாரம் முப்பது பேர் உள்ளே போய் உட்கார்ந்து, பாசியைத் தடவிப் பார்த்தால் அந்த மண் இறுகிவிடும், நாற்று மிதிபடும். ஏற்கெனவே கூட்டம் தாங்காமல் உயர்நீதிமன்றம் தலையிட்டு 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. அடுத்த கோடையில் கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வாரக்கடைசியில் 6,000 என்று வரம்பு வைத்தார்கள். ஒரு நாளைக்கு 4,000 வண்டி என்பது கட்டுப்பாடு என்றால் முன்பு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். நலம் தேடி வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்கள் நலத்துக்கு எங்கள் சோலை விலையாகிவிடக் கூடாது.

#7 தேனிக்காரன்

அக்கா சொல்றது நூத்துக்கு நூறு. நான் இன்னொண்ணு சேர்த்துக்கறேன். எங்க தேனிப் பக்கத்துக் குரங்கணி ஞாபகம் இருக்கா எல்லாருக்கும்? 2018 மார்ச் 11. மலையேறிட்டு எறங்குனவங்க காட்டுத்தீயில மாட்டி 23 பேர் போயிட்டாங்க. எல்லாம் வெளியூர்ல இருந்து, ஆசையா, மனசு லேசாகணும்னு வந்த பிள்ளைங்க. மார்ச்சுல அந்தப் பக்கம் புல்லு காய்ஞ்சு கெடக்கும், காத்து எந்தப் பக்கம் திரும்பும்னு ஊர்க்காரனுக்கே கணிக்க முடியாது. அன்னைக்கு மலையடிவாரத்துல நின்னவங்களுக்கு அது மறக்கவே மறக்காது.

அதனால யாராவது வனக்குளியல், மலைநடைன்னு கெளம்புனா, வனத்துறை அனுமதி இல்லாம காப்புக்காட்டுக்குள்ள காலே வைக்காதீங்க. இப்ப முறையான வழி இருக்கு. 2024 அக்டோபர்ல அரசாங்கமே 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 14 மாவட்டத்துல 40 பாதை திறந்துவிட்டுச்சு. பதிவு பண்ணிட்டுப் போனா கூட வழிகாட்டி வருவாங்க, பாதிப்பேர் அந்தந்த மலையில பொறந்து வளர்ந்த பழங்குடிப் பிள்ளைங்க. எது யானைத்தடம், எது கரடி தோண்டின குழின்னு அவங்களுக்குத்தான் தெரியும். தீக்காலத்துல பாதையை மூடிருவாங்க. மூடியிருந்தா திரும்பி வந்துரணும், அவ்வளவுதான்.

கண்ணை மூடி உட்கார்ந்து தியானம் பண்றேன்னு யானைக்காட்டுல உட்காரக் கூடாதுங்க. ஜப்பான் முறையை அப்படியே இங்க செய்ய முடியாது.

#8 நகோயா செல்வம்

குருவி, தேனிக்காரர், நீங்கள் இருவரும் எழுதியதைப் படித்தபிறகு கிசோவின் கதையைச் சொல்லியே ஆகவேண்டும். அகசாவாவைப் பற்றி எழுதுகிற சுற்றுலாக் கையேடுகள் இதை இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன, எனக்கோ இதுதான் நெஞ்சில் நிற்கிற பகுதி.

16-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜப்பானில் கோட்டையும் நகரமும் போட்டிபோட்டுக் கட்டினார்கள். நான் இருக்கும் நகோயாவின் கோட்டை வேலை தொடங்கியது 1610-ல். மரத்துக்குக் கிசோ மலையை வெட்டினார்கள், கட்டைகளை ஆற்றில் மிதக்கவிட்டுக் கீழே கொண்டுவந்தார்கள். 1615-ல் கிசோ, நகோயாவைத் தலைநகராகக் கொண்ட ஒவாரி சிற்றரசின் கைக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்குள் மலை மொட்டையாகும் நிலை. 1665-ல் காடுகளை ஆய்வு செய்து, பல மலைகளை மூடினார்கள். பிறகு ஹினோகி, சவாரா, அசுனாரோ, கோயாமாகி, நெசுகோ என்று ஐந்து மரங்களை வெட்டவே கூடாது என்று தடை வந்தது. "மரம் ஒன்றுக்குத் தலை ஒன்று" என்று இன்றும் அங்கே சொல்கிறார்கள். மரத்தைத் திருடினால் தலை போகும்.

நாம் இன்று மூச்சிழுத்து ரசிக்கும் 300 வயது மரங்கள் அந்தக் கட்டுப்பாடுகளுக்குப் பிறகு வளர்ந்தவை. வாசலில் காடு இருந்தும் வீடு கட்ட ஒரு நல்ல மரம் வெட்ட முடியாமல் வாழ்ந்த கிசோ மக்களை நினைத்துப் பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த மெய்ஜி பேரரசர் ஆட்சியில் அந்தக் காடு பேரரசரின் சொத்தானது, மக்களுக்கு நிலைமை இன்னும் இறுகியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் தேசியக் காடாக மாறியது. மேலிருந்து அதிகாரத்தால் காத்த காடு அது. அந்தக் கொடுமையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் காடு தானாக நிலைத்து நிற்காது, யாரோ எதையோ விட்டுக்கொடுத்ததால்தான் நிற்கிறது என்பதை அந்த நடைபாதையில் போகிற ஒவ்வொருவரும் தெரிந்துகொண்டு போகவேண்டும். என் ஆசை அவ்வளவுதான், இந்த இழையைத் தொடங்கியதும் அதற்காகத்தான்.

இப்போதும் அங்கே மரம் வெட்டுகிறார்கள். ஷின்டோ மதத்தின் முக்கியக் கோயிலான இசே ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுவார்கள். கடைசியாக 2013-ல் முடிந்தது, அடுத்தது 2033. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஹினோகிக் கட்டைகள் தேவைப்படும் வேலை. அதற்கான முதல் மரங்களை வெட்டும் சடங்கு 2025 ஜூனில் அகெமாட்சு மலையில் நடந்தது. ரம்பம் இல்லை, கோடரி மட்டும். அடிமரத்தை மூன்று பக்கமிருந்து குடைந்துகொண்டே போவார்கள், நடு முழுக்க வெற்றிடமாகி மரம் மூன்று கால்களில் நிற்கும். கடைசியில் ஒரு காலை வெட்டினால் நினைத்த திசையில் விழும். அப்படி வெட்டிய அடிக்கட்டைகள் பாதையோரம் இருக்கின்றன, பாசி படிந்து.

குருவி, உங்கள் மிதிபடும் மண் பிரச்சினைக்கு அகசாவாவில் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்: பாதை போட்டிருக்கிறது, பாதையை விட்டு இறங்க வேண்டியதே இல்லை. ஓடையோரப் பாதையில் சக்கர நாற்காலியும் போகும். இந்தக் காட்டைக் காக்கக் கூட்டத்தை ஒரே கோட்டில் நிறுத்திவிட்டார்கள். தொட்டுப்பார்க்க வேண்டுமென்றால் பாதையோரம் விழுந்த கிளையே போதும்.

அதற்குள்ளும் ஒரு சிக்கல் இருக்கிறது. நிழலைத் தாங்கும் அசுனாரோ நாற்றுகள் அடியில் அடர்த்தியாக வளர்ந்து, வெளிச்சம் கேட்கும் ஹினோகி நாற்றுகளை எழவிடுவதில்லை. சும்மா விட்டால் எதிர்காலத்தில் இது ஹினோகிக் காடாகவே இருக்காது. தொடாமல் விடுவதா, கைவைத்துக் காப்பதா என்று வனத்துறையினர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

#9 சிங்கை மாறன்

சிங்கப்பூரிலிருந்து ஒரு குறிப்பு. மெக்ரிட்சி நீர்த்தேக்கக் காடு எனக்கு வீட்டிலிருந்து பஸ் தூரம். குளிர்ந்த ஊசியிலைக் காடு கிடையாது, வேர்த்துக் கொட்டும். ஆனாலும் காலை ஏழு மணிக்குப் போனால் போதும், அன்றைக்கு முழுக்க மனது நிதானமாக இருக்கிறது. குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள், இங்கே அது குற்றம்.

வயதானவர்களுக்கு இங்கே பூங்காத்துறை சிகிச்சைத் தோட்டங்கள் அமைத்திருக்கிறது, முதலாவது ஹார்ட்பார்க்கில் 2016-ல் வந்தது. ராணியின் அம்மா மாதிரி இருப்பவர்களுக்குக் காட்டைவிட அது பொருத்தம்.

#10 ஒசாகா மீனா

செல்வம் அண்ணா, ஒரு விஷயம் விட்டுட்டீங்க. இங்கே வந்த இரண்டு வருஷத்துல எனக்கு மகரந்த ஒவ்வாமை ஆரம்பிச்சிடுச்சு. பிப்ரவரியில சுகி (ஜப்பான் சீடர் மரம்), அதைத் தொடர்ந்து ஏப்ரல் கடைசி வரைக்கும் ஹினோகி. கண்ணு அரிச்சு, மூக்கு ஒழுகி, ராத்திரி தூக்கமில்லை. வனக்குளியல்னு யாராவது சொன்னாலே எனக்குத் தும்மல் வருது. ஜப்பான்ல பத்துப் பேர்ல நாலு பேருக்கு இந்தத் தொல்லை இருக்கும்போது அதே மரத்தை மருந்துன்னு சொல்றது எப்படின்னு புரியலை.

#11 நகோயா செல்வம்

மீனா, மிக நியாயமான கேள்வி. போரில் வெட்டித் தீர்த்த மலைகளில் போருக்குப் பிறகு சுகியையும் ஹினோகியையும் மட்டும் வரிசை வரிசையாக நட்டார்கள். இந்த நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு காடு என்றாலும் அதில் ஏறத்தாழ 40 சதவீதம் அப்படி நட்டதுதான். பிறகு மலிவான வெளிநாட்டு மரம் வந்தது, உள்ளூர் மரத்தை வெட்ட ஆளில்லை. எல்லா மரமும் ஒரே நேரத்தில் பருவத்துக்கு வந்து மகரந்தத்தைக் கொட்டுகின்றன. குருவி சொன்ன பைன் கதையேதான்: ஒரே மரத்தை நட்டு நிரப்பினால் அது பச்சையாகத் தெரியும், காடாக இருக்காது.

உங்களுக்கு ஏப்ரல் வேண்டவே வேண்டாம். ஜூன் முதல் போகலாம், அல்லது ஹினோகி இல்லாத இலையுதிர் காடுகளைத் தேர்ந்தெடுங்கள். லீயின் ஈயாமா ஆய்வில் போன காடுகளில் பீச் மரக்காடும் உண்டு. பலன் ஹினோகியின் தனிச்சொத்து இல்லை.

#12 பூந்தமல்லி ராணி

எல்லாருக்கும் நன்றி. எண்ணெய் வாங்கலை. டாக்டர் எழுதினதை அம்மாவுக்கே வாசிச்சுக் காட்டினேன், ஒத்துக்கிட்டாங்க. இப்ப கேக்கறது வேற. "அப்ப என்னை எங்கயாவது மரத்தடிக்குக் கூட்டிட்டுப் போ"ன்னு சொல்றாங்க. முட்டிவலி, ஏறி இறங்க முடியாது. சென்னையைச் சுத்தி எங்க போகலாம்? எவ்வளவு நேரம்?

#13 மரு. இளவேனில்

நேரத்துக்கு ஒரு வழிகாட்டி எண் உண்டு. இங்கிலாந்தில் ஏறக்குறைய 20,000 பேரிடம் எடுத்த தரவு, 2019-ல் வெளியானது. வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருப்பவர்கள், தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொல்வது அதிகம். ஒரே தடவையாகவும் இருக்கலாம், பிரித்தும் இருக்கலாம். காரணகாரியம் நிரூபிக்கப்பட்டது என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது, நலமாக இருப்பவர்தானே வெளியே போவார். ஆனாலும் அம்மாவை வாரத்தில் மூன்று நாள், நாற்பது நிமிடம் மரத்தடியில் உட்காரவைத்தால் கெடுதல் எதுவும் இல்லை. வெயிலுக்கு முன்னால் போங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், காலை மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரோஜர் உல்ரிக் 1984-ல் வெளியிட்ட ஆய்வு, பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை வைத்துச் செய்தது. ஜன்னல் வழியே மரம் தெரிந்த அறையில் இருந்தவர்கள் செங்கல் சுவர் தெரிந்த அறையில் இருந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு போனார்கள், கடுமையான வலி மருந்தும் குறைவாகக் கேட்டார்கள். கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுவதற்குச் செலவில்லை.

#14 சோலைக்குருவி

ராணி, அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டம் சமதரை, பழைய மரங்கள், பெரிய ஆலமரம். பார்வையாளர் நேரம் குறைவு, விசாரித்துக்கொண்டு போங்கள். கிண்டி சிறுவர் பூங்காவில் வாரநாள் காலை கூட்டம் இருக்காது.

ஒரு நாள் கார் ஏற்பாடு செய்ய முடிந்தால் அம்மாவைப் புதுச்சேரிக்கு முன்னால் கடற்கரைச் சாலையில் இருக்கும் கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயிலுக்குக் கூட்டிப்போங்கள். கோயிலைச் சுற்றி நிற்பது கோயில்காடு. நம் கடலோரத்தில் ஒருகாலத்தில் பரவியிருந்த உலர் பசுமைக்காட்டின் மிச்சம் அது. வீரை, காசா என்று இந்த மண்ணின் மரங்கள், வருடம் முழுக்க இலையோடு நிற்கும். சாமிக்குப் பயந்து யாரும் கிளை ஒடிக்காததால் தப்பியது. அம்மா ஏற வேண்டியதில்லை, நடக்கவே வேண்டியதில்லை, கும்பிட்டுவிட்டு நிழலில் உட்கார்ந்தால் போதும். விசேஷ நாளில் போகாதீர்கள், வண்டியும் பொங்கல் புகையுமாக இருக்கும்.

செல்வம், உங்கள் கிசோ கதையைப் படித்ததும் எனக்கு இந்தக் காடுதான் நினைவுக்கு வந்தது. அங்கே தலை போகும் என்ற பயம், இங்கே சாமி பயம். இரண்டு பயமும் குறைந்த காலத்தில் எதைச் சொல்லிக் காப்பது என்பதுதான் என் கவலை. எங்கள் ஊரில் சிலர் சோலை ஓரத்தில் முளைக்கும், வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய வாட்டில் மரக் கன்றுகளைப் பிடுங்கி, சோலை நாற்று வளர்த்து நடுகிறோம். முகாமுக்கு வருகிறவர்கள் அந்த நாற்றங்காலில் ஒரு காலைப்பொழுது வேலை செய்யட்டும். மண்ணில் கைவைத்து, குனிந்து, பேசாமல் செய்கிற வேலை. செல்வம் சொன்ன செய்முறைக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை. சோலைக்குள் போய் உட்கார வேண்டிய தேவையும் இல்லை.

#15 தேனிக்காரன்

அக்கா, நாத்தங்கால் வேலைக்கு எந்த மாசம் ஆள் வேணும்? நாங்க நாலஞ்சு பேர் வர்றோம்.

#16 சோலைக்குருவி

நடவு மழை பிடித்தபின். அதற்கு முன்னால் பை நிரப்பும் வேலை எப்போதும் இருக்கும் தம்பி. தனிச்செய்தியில் நம்பர் அனுப்புங்கள். வரும்போது பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், இ-பாஸ் மறக்காதீர்கள்.

#17 நகோயா செல்வம்

குருவியின் நாற்றங்கால் யோசனை பிரமாதம், அடுத்த முறை ஊருக்கு வரும்போது நானும் வருகிறேன்.

அகசாவாவுக்கு எப்படி வருவது என்று சிலர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள், எல்லாருக்குமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். நகோயாவிலிருந்து சுவோ ரயில் பாதையில் ஷினானோ விரைவு வண்டி ஏறி, கிசோ-ஃபுகுஷிமா நிலையத்தில் இறங்குங்கள். அங்கிருந்தும் அகெமாட்சு நிலையத்திலிருந்தும் காட்டுக்குப் பஸ் உண்டு. ஆனால் எல்லா நாளும் ஓடாது, நாளொன்றுக்குச் சில நடைதான். கடைசி பஸ் நேரத்தைக் குறித்துக்கொண்டு உள்ளே போங்கள். உள்ளே ஒரு குட்டிக் காட்டு ரயில் ஓடுகிறது. மரக்கட்டை ஏற்றிய ரயில்கள் 1975-ல் நின்றுபோன பிறகு 1987-ல் பயணிகளுக்காகத் திரும்ப ஓட்டத் தொடங்கினார்கள். வயதானவர்களை அதில் ஏற்றிவிட்டு, திரும்பும்போது ஓடையோரமாக நடத்திக் கூட்டிவரலாம்.

கரடி இருக்கும் மலை. 2025-ல் ஜப்பானில் கரடி தாக்கி இறந்தவர்கள் பத்துப் பேருக்கு மேல், பெரும்பாலும் வடக்கு மாகாணங்களில். ஆனாலும் பையில் மணி கட்டிக்கொள்ளுங்கள், நுழைவாயில் அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் போகாதீர்கள். தேனிக்காரர் சொன்னது இங்கேயும் பொருந்தும், பாதை மூடியிருந்தால் திரும்பிவிடுங்கள். நவம்பர் தொடக்கத்தில் காட்டு ரயிலையும் பஸ்ஸையும் நிறுத்திவிடுவார்கள். இலை நிறம் மாறுவதைப் பார்க்க நினைப்பவர்கள் அக்டோபர் கடைசிக்குள் வந்துவிடுங்கள். வார நாளாக இருந்தால் இன்னும் நல்லது.